தோளில் ரெண்டு நட்சத்திரம்

நான் பண்ணின முட்டாள்தனங்களை வரிசைப்படுத்தினா முதல் அஞ்சுக்குள்ள வர்ற ஒன்றைப் பத்தி இன்னிக்கு எழுதப் போறேன். படிச்சுட்டு யாரும் திட்டக்கூடாது. வீட்டில் ஏற்கெனவே போதுமான அளவு திட்டியாச்சு :-)

1998-ம் வருஷம். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை. சென்னைவாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை, மத்தவங்களுக்காக: குண்டூசியிலிருந்து கட்டில் வரைக்கும், கோழிக்குஞ்சிலிருந்து கிராமபோன் வரைக்கும் எல்லாம் தெருவிலேயே பரப்பி விற்பார்கள். நான் அப்போது பழைய நாணயம், ராணுவ பட்டன், தொப்பி வில்லை என்று எது கிடைத்தாலும் பொறுக்கிக்கொண்டிருந்த காலம். வழக்கமாகப் பார்க்கிற பாய் ஒருத்தர், "சார், உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்"ன்னு ஒரு கோணிப்பையிலிருந்து ஒரு கோட்டை உருவினார்.

சிவப்புக் கோட்டு. சாயம் மங்கி செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. காலரிலும் கைமுனையிலும் சரிகை, நல்லா கறுத்துப்போய். தோளில் முறுக்குக் கயிறு மாதிரி தங்கச் சரிகையில் பின்னின பட்டை, அதில் பக்கத்துக்கு ரெண்டு நட்சத்திரம். அங்கங்கே பூச்சி அரித்த ஓட்டை. விலை ஆயிரத்து இருநூறு சொன்னார்.

எனக்குத் தெரிந்த ராணுவ ஞானம் அன்றைக்கு என்ன? ஒரு நட்சத்திரம் செகண்ட் லெப்டினன்ட், ரெண்டு லெப்டினன்ட், மூணு கேப்டன். சினிமா பார்த்தவனுக்குக்கூடத் தெரியும். "வெறும் லெப்டினன்ட் கோட்டு, அதுவும் ஓட்டை. நானூறு தரேன்"ன்னு சொன்னேன். பாய் சிரிச்சுட்டு கோட்டை மடிச்சுப் பையில போட்டுட்டார். அடுத்த வாரம் வந்தா எழுநூறுக்குப் படியும்னு கணக்குப் போட்டுட்டு நானும் நகர்ந்துட்டேன்.

உள்பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கணும்னுகூடத் தோணலை. அது ஏன் முக்கியம்னு கடைசியில் சொல்றேன்.

*

இப்போ கொஞ்சம் சரித்திரம். ஒரு பழைய பிரிட்டிஷ் ஆபீசர் கோட்டு கையில் கிடைத்தால் அது எந்தக் காலத்துதுன்னு கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டியது, ரேங்க் சின்னம் எந்த இடத்தில் இருக்கு என்பதைத்தான். என்ன சின்னம் என்பது அதுக்கு அப்புறம்.

1855 வரைக்கும் ஆபீசர்கள் முன்பக்கம் குட்டையா வெட்டி, பின்னாடி வால் தொங்கும் கோட்டு போட்டார்கள். தோளில் எபாலெட், அதாவது தங்கச் சரிகைக் குஞ்சம் தொங்கும் பெரிய தட்டு. பழைய ஓவியங்களில் பார்த்திருப்பீர்கள். கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த 1855-ல் வால் கோட்டும் போச்சு, எபாலெட்டும் போச்சு. டியூனிக் வந்தது. ரேங்க் சின்னம் காலருக்கு ஏறியது. 1880-ல் அது காலரிலிருந்து இறங்கி தோள் கயிற்றுக்கு வந்தது. 1902-ல் வந்த காக்கி சர்வீஸ் உடையில் அதே சின்னத்தைக் கைமுனைக்குக் கொண்டுபோனார்கள். முதல் உலகப்போரில் இது பெரிய வம்பாகிவிட்டது. கையில் பளிச்சென்று தெரிகிற பின்னலையும் நட்சத்திரத்தையும் வைத்து ஜெர்மன்காரன் ஆபீசரை மட்டும் பொறுக்கிச் சுட ஆரம்பித்தான். நிறைய பேர் தாங்களே சின்னத்தைப் பிரித்துத் தோளில் தைத்துக்கொண்டார்கள். அப்படித் தைத்த கோட்டை மற்றவர்கள் பயந்தாங்கொள்ளிக் கோட்டு என்று கேலி செய்தார்களாம். கடைசியில் 1920-ல் கைமுனைச் சின்னத்தை அரசாங்கமே எடுத்துவிட்டது.

ஆக காலரில் இருந்தால் 1855-1880, கைமுனையில் இருந்தால் 1902-1920. தோளில் இருந்தால்தான் கொஞ்சம் மண்டையைக் குடையணும்.

ஏன்னா நட்சத்திர எண்ணிக்கையும் மாறிக்கிட்டே வந்திருக்கு. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். 1880-லிருந்து 1902 வரைக்கும் செகண்ட் லெப்டினன்ட் தோளில் ஒன்றுமே கிடையாது, வெறும் கயிறு. லெப்டினன்டுக்கு ஒரு நட்சத்திரம். கேப்டனுக்கு ரெண்டு. 1902-லதான் ஆளுக்கு ஒரு நட்சத்திரம் கூட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று நமக்குத் தெரிந்த கணக்கு வந்தது. மேஜருக்குக் கிரீடம் என்பது மட்டும் 1880-லிருந்து அப்படியே.

அதாவது நான் "வெறும் லெப்டினன்ட்"ன்னு உதறிய அந்தச் சிவப்புக் கோட்டு, விக்டோரியா காலத்துக் கேப்டன் ஒருத்தருடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இது எனக்குத் தெரிய வந்தது ரெண்டு மாசம் கழித்து. 1900-ம் வருஷத்து பிரிட்டிஷ் ராணுவ உடை விதிப் புத்தகத்தின் மறுபதிப்பு ஒன்றை நண்பர் கொடுத்தார். போட்டோக்களோடு இருக்கும். பேருந்தில் உட்கார்ந்து புரட்டும்போது தோள் கயிறு பற்றிய பக்கம் வந்தது. அந்த ஸ்டாப்பிலேயே இறங்கி எதிர்ப்பக்கம் பல்லாவரம் பஸ்ஸைப் பிடிக்கலாமான்னு நினைச்சேன். அன்னிக்கு செவ்வாய்க்கிழமை.

*

நட்சத்திரம் என்று நாம் சொல்கிற சின்னத்தை உற்றுப் பாருங்கள். பிரிட்டிஷ் காலத்தில் பெரும்பாலான ரெஜிமென்ட்களில் அது வானத்து நட்சத்திரமே இல்லை. 'ஆர்டர் ஆஃப் தி பாத்' என்ற விருதின் சின்னம். நடுவில் மூன்று குட்டிக் கிரீடம், சுற்றி 'மூன்று சேர்ந்து ஒன்று' என்று பொருள்படும் லத்தீன் வாசகம். சுதந்திரத்துக்கு அப்புறம் நம் ராணுவத்தில் ஐந்து முனை நட்சத்திரம் வந்தது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் போதும், 'வெள்ளைக்காரன் காலத்து சாமான்' என்று தலையில் கட்டப்படுகிற பாதிச் சரக்கிலிருந்து தப்பிக்கலாம்.

அடுத்தது கிரீடம். சேகரிப்பவர்களின் பஞ்சாங்கமே இதுதான். விக்டோரியா காலத்துக் கிரீடத்தின் மேல் வளைவு நடுவில் பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும். அவர் 1901-ல் இறந்தபின் வந்த ஏழாம் எட்வர்ட் டியூடர் கிரீடத்துக்கு மாறினார். இது விரிச்ச குடை மாதிரி மேலே உருண்டையா இருக்கும். ஆறாம் ஜார்ஜ் 1952-ல் இறக்கும் வரை இதுதான். எலிசபெத் ராணி வந்ததும் மறுபடி பள்ளம். "ராணின்னா பள்ளம், ராஜான்னா மேடு"ன்னு நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். இதில் புதுசா ஒரு தலைவலி: 2022-ல் பட்டத்துக்கு வந்த மூன்றாம் சார்லஸ் மறுபடி டியூடர் கிரீடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஆக புத்தம்புது பிரிட்டிஷ் வில்லையைக் கொஞ்சம் புளிபோட்டு, கொஞ்சம் மண்ணில் புதைத்து எடுத்தால் முதல் உலகப்போர் வில்லை ரெடி. ஏமாற்றுகிறவனுக்கு மன்னரே உதவி செய்தது போல ஆயிற்று.

இந்தியாவுக்கு வந்த ஆபீசர்கள் சாமானில் இன்னொரு உதவி உண்டு. 1877-ல் விக்டோரியா இந்தியப் பேரரசி ஆனார். அவர் பெயர் முத்திரை 'வி.ஆர்.' என்பதோடு பேரரசி என்பதற்கான 'ஐ' எழுத்து சேர்ந்து 'வி.ஆர்.ஐ.' ஆனது. ஒரு பட்டனில் இந்த மூன்று எழுத்தும் பின்னிக்கொண்டு இருந்தால் அது 1877-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பே இல்லை.

மெட்ராஸ் படைகளுக்கு எண்ணே ஒரு சாட்சி. தனி ராணுவமாக இருந்த மெட்ராஸ் ஆர்மியை 1895-ல் கலைத்து ஒரே இந்திய ராணுவமாக்கினார்கள். 1903-ல் கிச்சனர் வந்து எல்லா ரெஜிமென்ட்களுக்கும் வரிசையாகப் புது எண் கொடுத்தபோது மெட்ராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு 60-ஐக் கூட்டினார்கள். காஞ்சிபுரம் பக்கத்து வாலாஜாபாத் பெயரைத் தாங்கிய 23-வது ரெஜிமென்ட், 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி ஆனது இப்படித்தான். 1922-ல் மறுபடி கலைத்துப் போட்டு 3-வது மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று ஒன்றாக்கினார்கள். மதராஸிகள் சண்டைக்கு லாயக்கில்லை என்ற அந்தக் கால வெள்ளைக்கார 'வீர இன' சித்தாந்தத்தில் அதுவும் 1920-கள் முடிவதற்குள் காணாமல் போய், இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் மறுபடி ஞாபகம் வந்தது. ஒரே ஊர் சிப்பாய்கள், இருபது வருஷத்துக்குள் மூணு விதமான பித்தளை எண்.

*

எனக்குப் பிடித்த காலகட்டம் எது என்று கேட்டால் 1947 ஆகஸ்ட் 15-லிருந்து 1950 ஜனவரி 26 வரையிலான ரெண்டரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்தைச் சொல்வேன். நாடு சுதந்திரம் வாங்கியாச்சு. ஆனால் குடியரசு ஆகலை. ஆறாம் ஜார்ஜ் இன்னும் இந்தியாவுக்கு மன்னர். அதனால் நம் மேஜர்கள் தோளில் அதே டியூடர் கிரீடம். 1949 ஜனவரி 15 அன்று கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றபோதுகூட சின்னங்கள் மாறவில்லை. குடியரசு நாள் வந்ததும் கிரீடம் போய் சாரநாத் சிங்கங்கள் வந்தன. கம்பெனி முத்திரையில் ஒரு சிங்கம் கையில் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்புறம் வெறும் கிரீடம். அப்புறம் வெறும் சிங்கம். (இதை எங்கள் வீட்டில் ஒரு நாள் உற்சாகமாக விளக்கினேன். "காப்பி ஆறுது"ன்னு பதில் வந்தது.)

என்னிடம் ஒரு ஜோடி மேஜர் கிரீடம் இருக்கு. பித்தளை, பின்பக்கம் ரெண்டு வளையம். 1940-களின் அச்சு. ஒரு ரிட்டயர்டு ராணுவக் குடும்பத்தில் கொடுத்தது. அந்தத் தாத்தா 1950 ஜனவரியில் அதைக் கழற்றி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தாராம். அம்பது வருஷம் அதிலேயே இருந்திருக்கு. "தூக்கிப் போட மனசு வரல, மாட்டிக்கவும் முடியாது, அப்பா அப்படியே வெச்சிருந்தார்"ன்னு அந்த அம்மா சொன்னாங்க.

*

போலியைப் பற்றியும் ரெண்டு வார்த்தை. அசல் வில்லை தகட்டை அச்சில் வைத்து அடித்தது. முன்னாடி மேடாக இருக்கும் உருவம் பின்னாடி பள்ளமாகத் தெரியும். போலி பெரும்பாலும் வார்ப்பு, பின்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கும், கனமும் கூட. துணிக்கு ஊதா விளக்கு. பழைய பருத்தி, கம்பளி நூல் இருட்டிலேயே கிடக்கும். இந்தக் காலத்து நூல் டியூப்லைட் மாதிரி பளீர்னு எரியும். பட்டனின் பின்புறம் தயாரிப்பாளர் பெயர், சில சமயம் லண்டன் முகவரியோடு இருக்கும். கடை எந்த வருஷம் எந்தத் தெருவில் இருந்தது என்று பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள் சில புண்ணியவான்கள்.

சுத்தம் பண்றேன் பேர்வழின்னு பிராஸோ போட்டுத் தேய்க்காதீங்க. தங்க முலாம் ஒரே தேய்ப்பில் போயிடும். கோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டால் புழுங்கிவிடும். துவைத்துக் கஞ்சி போன பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை சரிகையில் படவே கூடாது.

சட்டமும் இருக்கு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளிநாட்டுக்கு விற்பதற்கு 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். ராணுவத்தில் இல்லாதவர் தன்னைச் சிப்பாய் என்று நம்பவைக்கிற எண்ணத்தில் ராணுவ உடையைப் போட்டால் அது குற்றம். அந்தக் காலத்து இபிகோ 140, இப்போ பாரதிய நியாய சன்ஹிதா 168. அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம், மாட்டிக்கொண்டு தெருவில் போகாதீர்கள்.

*

இவ்வளவு நேரம் ஆபீசர் கோட்டையே பேசுறியே, சிப்பாய் கோட்டு எங்கேன்னு ஒருத்தராவது கேட்பீங்க. அதுதான் இந்தப் பொழுதுபோக்கில் என்னை உறுத்துகிற விஷயம்.

ஆபீசர் தன் காசில் தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டவர். உசத்தித் துணி, வெள்ளிக் கம்பியில் முலாம் பூசிய சரிகை. ரிட்டயர் ஆனதும் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். விசேஷத்துக்கு மட்டும் போட்டது, அதனால் தேயவில்லை. சிப்பாய்க்குக் கிடைத்தது மொத்தமாகத் தைத்துக் கொடுத்தது. அதையே போட்டு, அதிலேயே நடந்து, கிழியும்வரை உழைத்து, கடைசியில் துடைக்கிற துணியானது. ஆக இன்றைக்கு சந்தையில், ஏலத்தில், மியூசியத்தில் கிடைப்பதில் பெரும்பங்கு கேப்டன்களும் கர்னல்களும்தான். சென்னைக் கோட்டை மியூசியத்துக்கு (1795-ல் கட்டிய கட்டடம், 1948-ல் மியூசியம் ஆனது) போனால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சீருடைகளை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

நம்ம பக்கத்தில் உடைக்காகவே உயிர் போன கதை உண்டு, வேலூர். 1805 நவம்பரில் மெட்ராஸ் தலைமைத் தளபதி கிராடக் காலத்தில் புது உத்தரவு வந்தது. சிப்பாய்களுக்குப் புது மாதிரித் தலைப்பாகை, பார்க்க வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி, அதில் தோல் சின்னம். சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி எடுக்கணும். 1806 மே மாதம் வேலூரில் தலைப்பாகை வேண்டாம் என்று மறுத்தவர்களில் ரெண்டு பேருக்குத் தலா 900 கசையடி. ஜூலை 10 விடிகாலை கோட்டைக்குள் வெடித்தது. உள்ளே இருந்த திப்புவின் பிள்ளைகள், சிப்பாய்களின் மற்ற மனக்குறைகள் என்று காரணங்கள் இன்னும் இருக்கு, வெறும் தொப்பிச் சண்டை என்று நான் சொல்ல வரவில்லை. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார். நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் செத்தார்கள். ஒரு வாரத்தில் அந்தத் தலைப்பாகை உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திருப்பி அழைத்தது.

இத்தனை வருஷத்தில் அந்தத் தலைப்பாகை ஒன்றைக்கூட நான் எங்கேயும் பார்த்ததில்லை. அதே வருஷத்து ஆபீசர் எபாலெட் விலைக்கு வந்து பார்த்திருக்கிறேன்.

*

சரி, சிவப்புக் கோட்டுக்கு வர்றேன்.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே சந்தையில் நின்றேன். பாய் வந்து கடை பரப்புவதற்குள் ரெண்டு டீ ஆயிடுச்சு.

"பாய், அந்தச் சிவப்புக் கோட்டு?"

"அட, நீங்கதான் வேணாம்னுட்டீங்களே சார். யாரும் கேக்கல. பழைய சரிகைக்காரன் வந்தான், குடுத்துட்டேன்."

பட்டுப்புடவை வைத்திருக்கிற வீடுகளுக்குச் சரிகைக்காரன் யார்னு தெரியும். கிழிந்த புடவையை எடைபோட்டு வாங்கி, எரித்து, சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்து எடுப்பார்கள். என் கேப்டன் கோட்டும் அந்த அடுப்புக்குத்தான் போயிருக்கு. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆயிரத்து இருநூறு மதிப்புன்னு அவர் சொன்னார், நான்தான் இல்லைன்னு சொன்னேன்.

என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்கும். ஒரு பழைய நைசில் பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, "பட்டன் அவனுக்கு வேணாம், வெள்ளி இல்ல. நீங்க எடுத்துக்குங்க, காசு வேணாம்"னார். ஆறு பட்டன். முலாம் பாதி போனது. மேலே பள்ளம் விழுந்த கிரீடம். கீழே பின்னிக்கொண்ட வி.ஆர்.ஐ. ரெஜிமென்ட் எண் எதுவும் இல்லை.

அதை வைத்துக்கொண்டு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ரெண்டு நட்சத்திரமும் தோளில், ஆகவே 1880-க்கு முந்தி இல்லை. கிரீடமும் எழுத்தும் விக்டோரியா, ஆகவே 1901 வாக்கில் முடிகிறது. இந்திய சேவையில் இருந்த கேப்டன். காலரும் கைமுனையும் என்ன நிறம்? ரெஜிமென்ட்டைப் பிடிக்க அது ஒரு நல்ல வழி, ஆனால் அழுக்கில் பச்சையா கறுப்பா என்று நான் அன்றைக்குக் கவனிக்கலை.

உள்பாக்கெட் விஷயம் சொல்கிறேன் என்றேனே. அந்தக் காலத்து நல்ல தையல்காரர்கள் உள்பாக்கெட்டில் ஒரு சின்னத் துணிச்சீட்டு தைப்பார்கள். அதில் கடை பெயர், அதற்குக் கீழே மையில் வாடிக்கையாளர் பெயரும் தேதியும். என் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், கையில் பிடித்து, விலை பேசிக்கொண்டு நின்றிருக்கிறேன். திருப்பிப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்குமா?

இப்போதெல்லாம் எந்தக் கோட்டு கையில் கிடைத்தாலும், நம்ம ஊர் கல்யாணக் கோட்டாக இருந்தாலும்கூட, முதல் வேலையாக உள்பாக்கெட்டைத் திருப்பிவிடுகிறேன். போன மாசம் ஒரு உறவுக்காரர் வரவேற்பில் மாப்பிள்ளையின் கோட்டுக்கே அதைச் செய்து, மேடையிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.